ஸ்மார்ட் போர்டு பயிற்சி: பட்டனைத் தாண்டி என்ன சொல்லிக்கொடுப்பது?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியை, 14 வருட சர்வீஸ். அடுத்த மாதம் எங்கள் ஒன்றியத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்திருக்கிறார்கள், அதில் என்னைக் கருத்தாளராக, அதாவது பயிற்சியை நடத்துபவராகப் போட்டுவிட்டார்கள். ஏன் நான் என்று கேட்டதற்கு, "உங்களுக்குத்தான் மேடம் இதெல்லாம் வரும்" என்றார் ஆசிரியர் பயிற்றுநர். ஸ்டாஃப் குரூப்பில் பிடிஎஃப் சுருக்கி அனுப்பத் தெரிந்தது என் குற்றம்.

பின்னணி உங்களுக்குத் தெரிந்ததுதான். அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறை, 79,723 ஆசிரியர்களுக்கு டேப் (கையடக்கக் கணினி) என்று 2024-இல் தொடங்கிய வேலை, இப்போது எங்கள் ஒன்றியத்தில் அநேகமாக எல்லாப் பள்ளிச் சுவரிலும் ஒரு பெரிய திரையாக வந்து நிற்கிறது. சிலர் தினமும் போடுகிறார்கள். சிலர் அதன்மேல் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள், தூசி படக்கூடாதாம்.

பயிற்சிக்கென்று எனக்கு ஒரு ஸ்லைடு தொகுப்பு வந்திருக்கிறது. எங்கே ஆன் செய்வது, வைஃபை எப்படி இணைப்பது, பேனா நிறம் மாற்றுவது, ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. இதே மாதிரி ஒரு பயிற்சியில் போன வருடம் நானே கீழே உட்கார்ந்திருந்தேன். முடிகிற நேரத்தில் சந்தேகம் உண்டா என்று கேட்டார்கள். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற ஒரு தலைமையாசிரியர் எழுந்து, "எங்கே அமுக்கணும்னு சொன்னீங்க, எப்போ அமுக்கக் கூடாதுன்னு சொல்லலையே" என்றார். எல்லாரும் சிரித்தோம், கருத்தாளரும் சிரித்தார், அப்புறம் குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிட்டோம். அந்தக் கேள்விக்கு இன்று வரை யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது அந்த இடத்தில் நான் நிற்கப் போகிறேன், பயிற்சிக்கு வரும் 38 பேரில் அவரும் ஒருவர்.

இன்னொரு தலைவலி. ஆப் கம்பெனிக்காரர்கள் பள்ளிக்கே வந்து, மூன்று மாதம் இலவசம் மேடம், கடைசியில் "மாணவர்கள் பெரிதும் பயனடைந்தனர்" என்று லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள் என்கிறார்கள். பயனடைந்தார்களா இல்லையா என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்க ஒரு சாதாரண இடைநிலை ஆசிரியருக்கு இரண்டு நாளில் என்ன கற்றுக்கொடுக்க முடியும்? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். தியரி வேண்டாம், பி.எட்.டில் எழுதியது போதும்.

ஈராசிரியர் எழுதியது:

மேடம், அந்தத் தலைமையாசிரியரை முதல் நாள் காலையிலேயே பேச விடுங்கள். பாதிப் பயிற்சி முடிந்த மாதிரி.

எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. 31 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, இரண்டு அறை. திரை வந்த புதிதில் ஒரு வாரம் ஒரு பழைய நோட்டில் நேரத்தைக் குறித்து வைத்தேன், யாரும் கேட்கவில்லை, எனக்கே ஒரு சந்தேகம். 40 நிமிடப் பாடவேளை. திரை உயிர் பெற 3 நிமிடம். என் போனிலிருந்து நெட் கொடுக்க 4. வீடியோவைத் தேடி எடுக்க 5. வெயில் திரையில் அடிக்கிறது என்று ஜன்னலைச் சாத்தி, பின்னால் இருப்பவர்களை முன்னால் நகர்த்த 4. நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது 3. ஆக 19 நிமிடம் போயாச்சு. இந்த 19 நிமிடமும் இன்னொரு வகுப்புப் பிள்ளைகள் என் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மறு வாரம் எல்லாவற்றையும் முதல் நாள் வீட்டிலேயே பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு போனேன், 19 நிமிடம் 6 நிமிடமாகிவிட்டது. எந்தப் பயிற்சியிலும் இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை, அந்த நோட்டுதான் சொன்னது. உங்கள் 38 பேரையும் ஒரு வாரம் இந்தக் கணக்கு எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள், பயிற்சிக்கு முன்னாலேயே.

அடுத்து, நான்காம் வகுப்பு பின்னம். அருமையான வீடியோ, பாட்டோடு. பீட்சாவை வெட்டி வெட்டிக் காட்டுகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பீட்சா தின்றவர் யாரும் இல்லை, பரவாயில்லை, வட்டமாக இருந்தது. கைதட்டல், இன்னொரு முறை போடுங்க சார் என்று கூச்சல். அன்றைக்கு யாராவது அதிகாரி பார்வைக்கு வந்திருந்தால் என்னை மேடையேற்றி இருப்பார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுத்து, 1/3 பெரியதா 1/4 பெரியதா, ஏன் என்று எழுதச் சொன்னேன். 9 பேரில் 7 பேர் 1/4 என்று எழுதினார்கள். காரணம், "மூணைவிட நாலு பெருசு". அவ்வளவு பாட்டும் கேட்ட பிறகு!

மறுநாள் திரையைத் தொடவில்லை. பழைய நோட்டுத் தாளை ஒரே நீளத்தில் பட்டை பட்டையாகக் கிழித்து, ஒன்றை மூன்றாக மடி, ஒன்றை நாலாக மடி, ஒரு மடிப்புக்கு மட்டும் கலர் அடி, இரண்டையும் பக்கத்தில் வை. மூன்றாக மடிக்கத் தெரியாமல் திணறினார்கள் பாருங்கள், அந்தத் திணறலில்தான் விஷயமே புரிந்தது. அதே கேள்வி, 9 பேரில் 8 பேர் சரி.

இதனால் திரையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இதயம் துடிப்பதையும் எரிமலை வெடிப்பதையும் நான் எந்தத் தாளை மடித்துக் காட்டுவேன்? கையில் எடுத்துச் செய்ய முடிந்ததைத் திரையில் காட்டுவதில்லை, முடியாததை மட்டும் காட்டுவது என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டிருக்கிறேன். என் கோடு சரியா என்று மற்றவர்கள் சொல்லட்டும்.

சுண்ணாம்புக்கட்டி எழுதியது:

பயிற்சி நடக்கிற அறையில் பிளக் பாயின்ட் எத்தனை என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு "டிஜிட்டல் வகுப்பறை" பயிற்சி நடந்த அன்று பகல் முழுக்க மின்தடை. கருத்தாளர் ஸ்லைடை எல்லாம் கரும்பலகையில் எழுதிப்போட்டு நடத்தினார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், நான் போனதிலேயே நல்ல பயிற்சி அதுதான்.

அளவுகோல் எழுதியது:

ஆசிரியர் கல்வியில் இருந்து ஓய்வு பெற்றவன். தியரி வேண்டாம் என்றீர்கள், சரி. ஆனால் வெளியே செய்து பார்த்து வந்த முடிவுகள் சிலவற்றை அந்த 38 பேருக்கும் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் "மேலே யாரோ சோதித்துப் பார்த்துத்தான் அனுப்பியிருப்பார்கள்" என்ற நினைப்பு நம் ஆசிரியர்களிடம் ஊறிப்போயிருக்கிறது.

பெரு நாட்டில் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்தார்கள். 319 பள்ளிகளை வைத்து ஆய்வு செய்து 2012-இல் முடிவை வெளியிட்டது இன்டர்-அமெரிக்கன் டெவலப்மென்ட் வங்கி. ஒரு மாணவருக்கு 0.12 கணினி இருந்தது 1.18 ஆக உயர்ந்தது. கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்கு ஆதாரமே இல்லை. பெட்டி வந்தது, பாடம் நடத்தும் விதம் மாறவில்லை.

நம் நாட்டிலேயே நேர்மாறான உதாரணமும் இருக்கிறது. டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளை வைத்துப் பள்ளி நேரத்துக்கு வெளியே மையங்களில் நடத்திய ஆய்வு, 2019-இல் வெளியானது. 619 மாணவர்கள், நாலரை மாதம், கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், ஆறாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து அந்த மென்பொருள் ஆரம்பித்தது. ஒரே வீடியோவை 40 பேருக்கு ஒரே நேரத்தில் ஓட்டுகிற வேலை அது இல்லை. "தொழில்நுட்பம் நல்லதா கெட்டதா" என்று பட்டிமன்றம் நடத்துவதைவிட, இது என்ன செய்கிறது, அந்த வேலை என் வகுப்புக்குத் தேவையா என்று கேட்கப் பழக்குங்கள்.

கென்யாவில் இன்னும் சுவாரசியம். கிசுமு பகுதியில் ஆரம்ப வகுப்பு வாசிப்புக்காக ஒரு குழுவில் ஆசிரியர்களுக்கு டேப், இன்னொன்றில் பிள்ளைகளுக்கு மின்னூல் கருவி, மூன்றாவதில் பள்ளிகளைச் சுற்றிவந்து ஆசிரியர்களுக்குக் கைகொடுக்கிற மேற்பார்வையாளர்களுக்கு மட்டும் டேப். 2016-இல் முடிவு வந்தது. மூன்றிலுமே பிள்ளைகள் முன்னேறினார்கள், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இல்லை. மூன்றில் செலவுக்கு ஏற்ற பலன் தந்தது கடைசியாகச் சொன்னதுதான். நம் பயிற்றுநர்களை எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தில் பதிவேற்றும் வேலைக்கே ஓடவிடாமல் வகுப்பறைக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன், அது வேறு கதை.

இனி உங்கள் கடிதப் பிரச்சினை. ஒரு ஆசிரியர் தன் வகுப்பிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். இரண்டு பிரிவு இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் ஒரே வகுப்பை வருகை எண் ஒற்றை இரட்டை என்று பிரித்துக்கொள்ளுங்கள் (கெட்டிக்காரர்களை ஒரு பக்கம் சேர்த்துவிடாதீர்கள், கை தானாக அப்படித்தான் போகும்). பாடத்துக்கு முன் 5 கேள்வி. ஒரு குழுவுக்கு ஆப், இன்னொரு குழுவுக்கு நீங்கள் வழக்கமாகச் செய்வது, அதே அளவு நேரம். முடிந்ததும் 5 கேள்வி. இரண்டு வாரம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் இன்னொரு 5 கேள்வி. அடுத்த பாடத்துக்குக் குழுக்களை மாற்றிவிடுங்கள். அந்த இரண்டு வாரம் கழித்து வருகிற மதிப்பெண்தான் எனக்கு முக்கியம், ஏனென்றால் புதுப் பொருள் கைக்கு வந்த ஜோரில் முதல் வாரம் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

11 பேர், 12 பேர் என்று வைத்து எடுத்த முடிவை நம்பி மாநிலத்துக்குக் கொள்கை எழுத முடியாது. ஒரு குழுவுக்குக் காலையிலும் இன்னொன்றுக்குச் சத்துணவு முடிந்த தூக்கத்திலும் நடத்தினால் அதுவும் கணக்கைக் கெடுக்கும். ஆனால் "என் பள்ளிக்கு இது வேண்டுமா" என்ற கேள்விக்கு இந்த அளவே போதும். கடிதம் கேட்டால், இன்ன வகுப்பு, இத்தனை பேர், இத்தனை நாள், முன்னால் சராசரி இவ்வளவு, பின்னால் இவ்வளவு, பயன்படுத்தாத குழுவுக்கு இவ்வளவு என்று எழுதிக் கொடுங்கள். உண்மையிலேயே நல்ல பொருள் விற்பவர் அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்.

தலைமையாசிரியர் தயங்கினால் யுனெஸ்கோவின் 2023 உலகக் கல்விக் கண்காணிப்பு அறிக்கையைச் சொல்லுங்கள். கல்வித் தொழில்நுட்பப் பொருட்கள் சராசரியாக 36 மாதத்துக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன, அமெரிக்காவில் 17 மாநிலங்களில் கேட்டுப் பார்த்ததில் வாங்குவதற்கு முன் முறையான ஆய்வுச் சான்று கேட்டவர்கள் 11 சதவீதம்தான் என்று அதில் இருக்கிறது. அங்கேயே அந்த லட்சணம்.

பினாங்கு டீச்சர் எழுதியது:

வணக்கம், மலேசியாவிலிருந்து. தமிழ்ப்பள்ளியில் 20 ஆண்டுகள்.

எங்கள் நாட்டுக் கதையும் கேளுங்கள். 2011 வாக்கில் 1பெஸ்தாரிநெட் என்று ஒரு திட்டம், ஏறக்குறைய 10,000 பள்ளிகளுக்கும் இணையம், கூடவே ஒரு மெய்நிகர் கற்றல் தளம். கோடிக்கணக்கான ரிங்கிட். தேசியத் தணிக்கைத் துறையின் 2013 அறிக்கையில் அந்தத் தளத்தை உண்மையில் பயன்படுத்தியவர்கள் 0.01 முதல் 4.69 விழுக்காடு வரை என்று வந்தது. 2019-இல் திட்டமே முடிந்துவிட்டது. பிறகு 2020-இல் டெலிமா என்று வேறு தளம்.

எந்தத் தளம் என்று நான் சொல்லப்போவதில்லை, ஆனால் ஒரு காலத்தில் எங்கள் பள்ளியில் வாரம் இத்தனை லாகின் காட்ட வேண்டும் என்று வாய்மொழி உத்தரவு இருந்தது. என்ன நடந்தது தெரியுமா? வெள்ளிக்கிழமை மதியம் கணினி அறைக்கு இரண்டு வகுப்பை அழைத்துப் போய், எல்லாரும் உள்ளே போங்க, எல்லாரும் வெளியே வாங்க. எண்ணிக்கை கேட்டார்கள், எண்ணிக்கை கொடுத்தோம். பயிற்சியில் எதை அளக்கிறோம் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள் டீச்சர், இல்லாவிட்டால் 38 பேரும் இதைத்தான் செய்வார்கள், அவர்கள் மேல் தப்பும் இல்லை.

எங்களிடம் பலன் தந்தது ஒன்றே ஒன்று. பயிற்சி முடிந்தபின் இரண்டு பேர் இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்னால் உட்கார்ந்து பார்ப்பது. ஆசிரியரைப் பார்க்கக் கூடாது, ஒரே ஒரு மாணவனை மட்டும் பாடவேளை முழுக்கப் பார்க்க வேண்டும். நான் பார்த்த பையன் திரைக்கு முன்னால் 30 நிமிடம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தான், நோட்டில் ஒரு கார் வரைந்து முடித்திருந்தான். நல்ல கார்.

ழகரம் எழுதியது:

அளவுகோல் ஐயா சொன்ன சோதனை சரி, ஆனால் அதற்கும் முன்னால் பொருளைக் கையில் எடுத்து நோண்டிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நான் தமிழாசிரியை, என் அனுபவம் இரண்டு.

முதலாவது, சொல்லையும் படத்தையும் பொருத்துகிற ஒரு ஆப். இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி 10-க்கு 10, நட்சத்திர மழை. எழுத்துக்கூட்டவே தடுமாறுகிறவள், எப்படி என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நாலு படத்தையும் வரிசையாகத் தட்டிக்கொண்டே போகிறாள். தப்பானால் "டொய்ங்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், நட்சத்திரம் குறைவதே இல்லை. "டீச்சர், எல்லாத்தையும் தட்டுனா ஒண்ணு சரியா வந்துரும்" என்று ரகசியம் மாதிரி என் காதில் சொன்னாள். அந்த ஆப்பை முழுசாக மதிப்பீடு செய்தவள் அவள்தான். அன்றிலிருந்து எந்த ஆப் வந்தாலும் நான் முதலில் வேண்டுமென்றே எல்லாவற்றையும் தப்பாகத் தட்டிப் பார்ப்பேன். தப்பு செய்த பிள்ளைக்கு அது என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லாவிட்டால் அது விளையாட்டு, பாடம் இல்லை.

இரண்டாவது, வாசிப்பைக் கேட்டு மதிப்பெண் போடுகிற ஒன்று. "வாழைப்பழம்" என்று ஒரு பையன் எங்கள் ஊர் வழக்கில் "வாளப்பளம்" என்றான், சிவப்புக் கோடு. சரி, ழகரம் வரவில்லை, ஒப்புக்கொள்கிறேன், என் பெயரே அதுதான். ஆனால் அவனுக்கு எழுத்து தெரியும், வாக்கியம் புரிந்தது, வாழைப்பழத்தை யார் தின்றது என்று கேட்டால் பட்டென்று பதில் சொல்கிறான். அந்தக் கருவிக்கு வாசிக்கத் தெரியாதவனும் உச்சரிப்பு வராதவனும் ஒன்று. இந்த வித்தியாசத்தை ஆசிரியர்தான் பிடிக்க வேண்டும். அது கொடுத்த மதிப்பெண்ணை அப்படியே பதிவேட்டில் ஏற்றினால் அந்தப் பையன் "வாசிக்க இயலாதவன்" ஆகிவிடுவான்.

செயற்கை நுண்ணறிவை வைத்துப் பயிற்சித்தாள் தயாரிப்பதும் இப்போது எல்லாரும் செய்கிறார்கள். ழகரச் சொற்கள் 10 கேட்டேன், அதில் "குளம்" இருந்தது, "பள்ளி" இருந்தது. அடுக்கும் அழகும் பார்த்தால் அச்சடித்த புத்தகம் தோற்கும். பயிற்சியில் இதையே ஒரு விளையாட்டாக வைக்கலாம். தப்பு இருக்கிற தாள் ஒன்றைக் கொடுத்து, எத்தனை தப்பு என்று சொல்லாமல், கண்டுபிடியுங்கள் என்று விட்டுவிடுங்கள். ஆசிரியர்களுக்குச் சிவப்பு மை பேனா கையில் வந்தால் தனி உற்சாகம்.

ஈராசிரியர் எழுதியது:

எல்லாம் சரி, ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இப்படியெல்லாம் மதிப்பிட்டு "இது என் வகுப்புக்கு உதவவில்லை" என்று நான் முடிவு செய்கிறேன் என்று வைத்துக்கொள்வோம். அப்புறம்? மேலே இருந்து "திரை எத்தனை மணி நேரம் ஓடியது" என்றுதானே கேட்கப் போகிறார்கள். மலேசிய டீச்சர் சொன்ன வெள்ளிக்கிழமை மதியம் இங்கேயும் உண்டு. மதிப்பிடக் கற்றுக்கொடுத்துவிட்டு, முடிவெடுக்கும் உரிமையைக் கொடுக்காவிட்டால் அது இன்னொரு படிவம், அவ்வளவே. வேலைப்பளு போதாதென்று ஒற்றை இரட்டைச் சோதனை வேறு.

அளவுகோல் எழுதியது:

நியாயமான கேள்வி. முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் "எனக்குப் பிடிக்கவில்லை" என்று சொல்கிற ஆசிரியரை அதிகாரி ஒரு அதட்டில் உட்கார வைத்துவிடுவார், "9 பேரில் 7 பேர் 1/4 பெரியது என்று எழுதினார்கள், இதோ தாள்" என்று நீட்டுகிறவரை அப்படி எளிதாக உட்கார வைக்க முடியாது. உங்கள் கையில் அந்தத் தாள்கள் இன்னும் இருக்கிறதா?

வேலைப்பளு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். வருடத்துக்கு ஒரு பாடம், ஒரு சோதனை. அதற்கு மேல் கேட்டால் நானே எதிர்ப்பேன்.

ஈராசிரியர் எழுதியது:

இருக்கிறது ஐயா. பீரோவில், சத்துணவு ரசீதுக்கு அடியில்.

பேனா மூடி எழுதியது:

ஒரு விஷயம் யாரும் சொல்லவில்லை. இலவச ஆப் என்றால் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, அப்பா போன் நம்பர், சில சமயம் குரல், முகம் எல்லாம் போகிறது. 2022-இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 49 நாடுகளின் 163 கல்விப் பொருட்களைப் பிரித்துப் பார்த்ததில் 145 பொருட்கள் பிள்ளைகளின் தனியுரிமைக்கும் மற்ற உரிமைகளுக்கும் ஆபத்தாகவோ மீறலாகவோ இருந்தன. நம் நாட்டில் 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். ஆனால் நடப்பது என்ன, வகுப்பாசிரியர் தன் நம்பரையே 30 பிள்ளைக்கும் கொடுத்து ஓடிபி வாங்கி வேலையை முடிக்கிறார். நானும் செய்திருக்கிறேன். அதற்கப்புறம் ஒரு மாதம் எனக்குத் தினமும் "உங்கள் குழந்தைக்கு டியூஷன் வேண்டுமா" என்று போன். எனக்குக் கல்யாணமே ஆகவில்லை.

இன்ஸ்டால் செய்யும்போது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று படிக்க ஒரு பத்து நிமிடம் பயிற்சியில் ஒதுக்குங்கள் மேடம். பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித்தருகிற ஆப் என் தொடர்புப் பட்டியலை எதற்குக் கேட்கிறது என்று சத்தமாகப் படித்தாலே போதும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அப்பாடா, எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாளாக உட்கார்ந்து படித்துவிட்டு ஒரு வரைவு போட்டிருக்கிறேன், கிழித்துத் தொங்கவிடுங்கள்.

பயிற்சிக்கு ஒரு வாரம் முன்னாலேயே குரூப்பில் ஈராசிரியர் சாரின் நேரக் கணக்கைச் செய்யச் சொல்லிவிடுகிறேன், நோட்டில் கையால்தான், கூகுள் ஃபார்ம் கிடையாது. முதல் நாள் காலை திரையை ஆன் செய்யப் போவதில்லை. ஒவ்வொருவரும் தன் வகுப்பில் பிள்ளைகள் எங்கே இடறுகிறார்களோ அந்த ஒரு இடத்தை எழுத வேண்டும். "கணக்கு வரவில்லை" என்று எழுதினால் ஏற்க மாட்டேன், "கடன் வாங்கிக் கழித்தலில் பூச்சியம் வந்தால் நின்றுவிடுகிறார்கள்" என்கிற அளவுக்கு வேண்டும். அதற்கப்புறம்தான் திரை. அந்த இடறலுக்கு இந்தத் திரையில், டேப்பில், அரசின் பாடத் தளங்களான மணற்கேணியில், திக்‌ஷாவில் எது உதவும், எதுவும் உதவாதா என்று தேடுவது. பட்டன் எல்லாம் தேடும்போதே பழகிவிடும் என்று நம்புகிறேன். பேனா நிறம் மாற்றுவதற்கு ஒரு ஸ்லைடு எதற்கு?

மதியம் ழகரம் மேடத்தின் தப்புத் தாள், அப்புறம் வேண்டுமென்றே தப்பாகத் தட்டிப் பார்ப்பது, பேனா மூடி சொன்ன அனுமதி வாசிப்பு. (கல்யாண விஷயத்தை உதாரணமாகச் சொல்லலாமா?)

இரண்டாம் நாள்தான் கொஞ்சம் பயம். பயிற்சி நடக்கிற பள்ளியில் நான்காம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தலைமையாசிரியையிடம் பேசி அவர்களையே ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். ஒரே பாடம், பாதிப் பிள்ளைகளுக்குத் திரையோடு, பாதிப் பேருக்குத் திரை இல்லாமல், முடிந்ததும் துண்டுத் தாள், அதை 38 பேரும் சேர்ந்து திருத்துவது. திரைதான் ஜெயிக்க வேண்டும் என்று நான் எதையும் ஜோடிக்கப் போவதில்லை, எது வந்தாலும் அப்படியே பலகையில் எழுதிவிடுவேன். பயிற்றுநருக்கு இதில் அவ்வளவு இஷ்டம் இல்லை, "தோத்துட்டா என்ன மேடம் பண்றது" என்கிறார். தோற்றால் அன்றைக்குத்தான் பயிற்சி உருப்படியாக நடந்தது என்று அர்த்தம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இன்னும் முழுசாக மனசு வரவில்லை அவருக்கு.

மூன்று வாரம் கழித்து, இரண்டு இரண்டு பேராக ஒருவர் வகுப்பை ஒருவர் பார்ப்பதற்கு அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் இல்லை. ஈராசிரியர் பள்ளிகளுக்கு இது நடக்காது என்பதும் தெரியும், ஒருவர் வெளியே போனால் பள்ளிக்கு ஒரே ஆசிரியர். அவர்களுக்கு மட்டும் வகுப்பைப் போனில் பத்து நிமிடம் வீடியோ எடுத்துப் பேசிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன். பிள்ளைகள் முகம் வரும், பேனா மூடி திட்டுவார்.

ஈராசிரியர் எழுதியது:

கேமராவை என் பக்கம் மட்டும் திருப்பி வைத்துக்கொள்கிறேன் மேடம். பிள்ளைகள் குரல் மட்டும் வரும், அவர்கள் பேசுவதைக் கேட்டாலே எவ்வளவு புரிந்தது என்று தெரிந்துவிடும். அந்தத் துண்டுத் தாள் 9-ஐயும் பெயரை மறைத்துப் படம் எடுத்து அனுப்புகிறேன், பயிற்சியில் காட்டுங்கள். சரி, அந்தத் தலைமையாசிரியரைப் பேசச் சொல்லிக் கேட்டீர்களா?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

கேட்டேன் சார், நேற்று போனில். முதல் அமர்வு அவருக்குத்தான், 20 நிமிடம். ஸ்லைடு ஏதாவது தயார் செய்து தரட்டுமா என்றேன். "ஒண்ணும் வேண்டாம்மா, ஒரு சாக்பீஸ் மட்டும் வை. 11 மணிக்கு டீ வந்துருமில்ல?" என்றார்.